நீலம் தெரியாத தண்ணீர்

ஜனவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி வந்து போகிறது. வந்தால் எனக்குத் திட்டு, போனால் உங்களுக்கு வாழ்த்து. மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. போனில் அவள் பேசுவது புரியாவிட்டால் அதுதான் காரணம், லைனைத் திட்டாதீர்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போன் அத்தைக்கும் மகளுக்கும், கடிதம் நமக்கு மட்டும் என்று நீங்கள் கிளம்பிய அன்று படகுத்துறையில் வைத்துப் பேசிக்கொண்டோம். அதை நான் மீறுவதாக இல்லை.

விஷயம் நம் படகுதான். பகலில் சுற்றிப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். பொழுது சாய்ந்தால் எல்லோரும் பக்கத்துப் படகுக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் படகுக்காரரைத் தெரியுமல்லவா? இங்கே பேசினால் அக்கரையில் கேட்குமே, நம் பீரங்கி, அவரேதான். கல்யாண வீட்டு சீரியல் பல்பை வாங்கிப் படகைச் சுற்றிக் கட்டிவிட்டார். படகு மணப்பெண் மாதிரி மினுக்குகிறது, சத்தம் மட்டும் மாப்பிள்ளை வீட்டார் சத்தம். எனக்கு அந்த மினுக்கு வேண்டாம். தண்ணீருக்குள் எரிகிற எல்.இ.டி. விளக்குகளை நீங்கள் அங்கே தினமும் படகுகளுக்குப் பொருத்துகிறீர்களே, அது நம் படகுக்கு ஆகுமா? வெளிச்சத்துக்கு மீன் வரும் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். முகத்துவாரத்தில் நங்கூரம் போட்டு, என்ஜினை நிறுத்தி, ஏறியவர்களுக்கு மீன் காட்டலாம் என்று ஆசை. எதை வாங்குவது, எத்தனை, எங்கே பொருத்துவது? விவரமாக எழுதுங்கள்.

ஜூனோடு உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. முடிந்ததும் வந்துவிடுவதாகப் பேச்சு. போன தடவையும் அப்படித்தான் பேச்சு. அதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் உங்கள் கடிதம் அரைப் பக்கமாகச் சுருங்கிவிடுகிறது. விளக்கைப் பற்றியாவது நாலு பக்கம் வரட்டும்.

தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டி வைத்திருக்கும்,
கேப்டன்
(நீங்கள் வைத்த பேர்தான்)


ஜனவரி 25

அன்புள்ள கேப்டனுக்கு,

நான் சுகம். விரலெல்லாம் துளை அடைக்கிற சீலண்ட் பசை ஒட்டிக் காய்ந்து தோல் உரிகிறது, அது வியாதியில் சேராது. அம்மாவின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மகளின் பற்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்கு வேண்டும்.

ஆகுமா என்று என்னையா கேட்கிறாய்? கேட்டுக்கொள். இந்த விளக்கில் இரண்டு ரகம். ஒன்று, படகின் உடம்பில் பெரிய துளை போட்டு உள்ளே செருகுவது. அது பெரிய மனிதர்களுக்கு. துளை பிசகிப் படகு மூழ்கினால் அவர்கள் வேறு வாங்கிக்கொள்வார்கள். இன்னொன்று, வெளியே வைத்துத் திருகுவது. ஒயர் போக விரல் நுழையும் துளை இருந்தால் போதும். நமக்கு இதுதான்.

நான்கு விளக்கு. பின்பக்கம், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே. புரொப்பெல்லருக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. நேர் பின்னால் வைத்தால் நுரைதான் தெரியும். படகு காலியாக மிதக்கும்போது மட்டத்தைக் குறித்துக்கொள். ஆள் ஏறினால் விளக்கு இன்னும் கீழேதான் போகும், மேலே வராது. இதற்கென்று தனி பாட்டரி வை. என்ஜின் பாட்டரியில் கோர்த்தால், மீன் பார்த்து முடித்ததும் கட்டி இழுக்கப் பீரங்கியைக் கூப்பிட வேண்டி வரும். ஓடும்போது அணைத்துவிடு, எதிரே வருகிறவன் குழம்புவான். அடியில் பெயிண்ட் அடிக்கும்போது விளக்கின் கண்ணாடியில் ஒரு சொட்டுப் படக் கூடாது. பாசி பிடித்தால் துணியால் துடை, சுரண்டாதே.

எல்லாவற்றையும்விட முக்கியம், கரையில் வைத்து எரியவிடாதே. சுற்றியிருக்கும் தண்ணீர்தான் அதன் சூட்டை வாங்கிக்கொள்கிறது. தண்ணீர் இல்லாமல் எரிந்தால் தன் சூட்டிலேயே கருகிப் போகும்.

நிறம் நீலம். இதில் யோசிக்கவே வேண்டாம். நேற்று ஒரு படகுக்கு நீலம் பொருத்தி இறக்கினோம். தண்ணீருக்கடியில் தரையில் கிடந்த திருகாணியின் மரைகூடத் தெரிந்தது. நீ பார்த்தால் என்ன சொல்லுவாய் என்று நினைத்துக்கொண்டே நின்றுவிட்டேன். சூப்பர்வைசர் வந்து, “என்னய்யா, வெளக்க மாட்டச் சொன்னா வெளக்கையே கட்டிக்கிட்ட மாதிரி நிக்கிற?” என்றார்.

இங்கேயே வாங்கி, என்னோடு வேலை பார்க்கிற நம் அடுத்த தெரு வெல்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் மார்ச்சில் விடுமுறைக்கு வருகிறார்.

நாலு பக்கம் ஆயிற்று, சந்தோஷம்தானே?
உன் அத்தான்


பிப்ரவரி 8

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லோரும் சுகம். ஒத்தடம் கொடுத்தேன். “என் பையன் சொன்னாத்தான் உனக்குத் தெரியுமா?” என்றார் அத்தை. பற்கள் ஒரு டப்பாவில் இருக்கின்றன.

நாலு பக்கம் வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நாலில் ஒன்றிலும் ஜூனைக் காணோம். சரி, விளக்குக்கு வருகிறேன்.

படகைக் கரையேற்றிவிட்டோம். மெக்கானிக் அடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். நீங்கள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். “அண்ணன் பக்கத்துல நின்னு சொல்ற மாதிரியே இருக்குதும்மா” என்றார். அவருக்கு அப்படி இருக்கிறது. தன் சூட்டிலேயே கருகுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை மட்டும் அவருக்குப் படிக்கவில்லை. அந்தச் சங்கதி எனக்கு ஏற்கனவே தெரியும், விளக்கு வாங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை.

ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் நீங்கள் உட்காருகிற மரப்பெட்டியில் இன்னும் யாரையும் உட்காரவிடுவதில்லை. போன வாரம் ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார். “காலியாத்தானேம்மா கெடக்குது?” என்றார். “ஆள் வருது” என்றேன். கரை திரும்பும்வரை அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நீலம் எனக்கும் பிடித்த நிறம்தான். அனுப்புங்கள்.

ஆள் வருகிறதென்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்,
கேப்டன்


பிப்ரவரி 27

அன்புள்ள கேப்டனுக்கு,

நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமென்று நம்புகிறேன்.

இதைக் கொண்டுவருகிற வெல்டரிடம் நான்கு விளக்கும், சீலண்டும், துருப்பிடிக்காத திருகாணிகளும் இருக்கின்றன. நான்கையும் தொட்டித் தண்ணீரில் போட்டு நானே எரித்துப் பார்த்தேன். சீலண்ட் பூசினால் ஒரு நாள் முழுக்கக் காயவிடு. உனக்கு அவசரம் ஜாஸ்தி, அதனால்தான் சொல்கிறேன்.

வேலை மும்முரம். மற்றது பிறகு எழுதுகிறேன்.

பெட்டியில் யாரையும் உட்காரவிடாதே.
உன் அத்தான்


மார்ச் 22

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். வெல்டர் வந்து பொருட்களைக் கொடுத்தார். காப்பி குடித்தார். உங்கள் தலை நரைத்திருப்பதாகச் சொன்னார். வேறு சிலதும் சொன்னார்.

விளக்குகளைப் பொருத்தியாயிற்று. நான்கும் எரிகின்றன.

கேப்டன்


ஏப்ரல் 3

அன்புள்ள கேப்டனுக்கு,

நான் சுகம். உனக்கு என்ன ஆயிற்று? உன் கடிதம் மின்சார ஆபீசிலிருந்து வந்த மாதிரி இருந்தது. நான்கும் எரிகின்றன என்றால் என்ன அர்த்தம்? மீன் வந்ததா? மகள் பார்த்தாளா? பீரங்கி வாயடைத்துப் போனாரா? நீலம் எவ்வளவு தூரம் போகிறது? எவ்வளவு ஆழம் தெரிகிறது? இங்கே ஒவ்வொரு படகை இறக்கும்போதும் நம் படகுதான் கண்ணுக்குள் நிற்கிறது. நான் பொருத்தாத விளக்கைப் பற்றித்தான் நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தலை நரைத்ததற்காகக் கோபமா?

நிறைய எழுது.
உன் அத்தான்


ஏப்ரல் 16

அன்புள்ள அத்தானுக்கு,

உடம்பெல்லாம் சுகம்தான். நிறைய எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடியே சீலண்டை ஒரு நாள் காயவிட்டோம். அடுத்த நாள் படகை இறக்கினோம். அத்தை, மகள், மெக்கானிக், நான். யாரோ சொல்லிப் பீரங்கியும் தன் படகை ஓரங்கட்டிவிட்டுப் பார்க்க வந்தார். முகத்துவாரத்தில் நங்கூரம் போட்டோம். இருட்டுகிற நேரம். சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் தெரியவில்லை. ஃபியூஸைப் பார்த்தோம், ஒயரைப் பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது. “அப்பா குடுத்த லைட்டு கெட்டுப்போச்சா?” என்று மகள் கேட்டாள். நான் பின்தட்டில் குப்புறப் படுத்து, கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, விளக்கின் முகத்தருகே கொண்டுபோனேன். விரல் இடுக்கில் நீலம் தெரிந்தது. நான்கும் எரிந்துகொண்டுதான் இருந்தன. வெளியேதான் தெரியவில்லை.

மெக்கானிக் தயங்கித் தயங்கிச் சொன்னார். “நீலம் தெளிஞ்ச தண்ணிக்குத்தாம்மா. நம்ம கலங்கல்ல அது ஒரு சாண் போறதுக்குள்ள செத்துரும். பச்சை வாங்கியிருக்கணும். அண்ணனுக்குத் தெரியாததா? ஏதோ நெனப்புல அனுப்பிட்டாரு.” பீரங்கி வாயே திறக்கவில்லை. அவர் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

விளக்கு போனால் போகட்டும் அத்தான், அதற்கு நான் அழவில்லை. இந்தத் தண்ணீரில்தானே நீச்சல் கற்றீர்கள்? மழைக்காலத்தில் காப்பி நிறம், வெயில்காலத்தில் பாசி நிறம், எந்தக் காலத்திலும் இடுப்பளவு இறங்கினால் முழங்கால் தெரியாது. கல்யாணமான புதிதில் என் கொலுசு விழுந்து, நாள் முழுக்க நீங்கள் முங்கி முங்கித் தேடியது இந்தத் தண்ணீரில்தான். அங்கே கண்ணாடித் தண்ணீரையே பார்த்துப் பார்த்து, நம் தண்ணீரையும் அப்படியே நினைத்துக்கொண்டுவிட்டீர்கள். தண்ணீரே மறந்துவிட்டதென்றால் வேறு எதெல்லாம் மறந்ததோ என்று நினைத்தேன். அதற்குத்தான் அழுதேன். மகளிடம் கண்ணில் தண்ணீர் தெறித்துவிட்டது என்றேன்.

வெல்டர் நாளை கிளம்புகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தனுப்புகிறேன். முகத்துவாரத்தில், விளக்கு இருக்கிற ஆழத்திலிருந்து எடுத்தது. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேப்டன்


ஜூன் 1

அன்புள்ள அத்தானுக்கு,

ஏப்ரலில் எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை. போனில் அத்தையோடு பேசுகிறீர்கள், மகளோடு சிரிக்கிறீர்கள், அதனால் உடம்பு சுகமாகத்தான் இருக்கும். நான் எழுதியது அதிகப்படியோ என்று நாள் முழுக்க யோசித்தேன். மறுநாள், இல்லை, சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று தோன்றியது. அதற்கடுத்த நாள் மறுபடியும் முதலிலிருந்து.

வெல்டர் சொன்ன மற்ற விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். “சூப்பர்வைசர் அண்ணன விடமாட்டேங்குறாரு அண்ணி. இன்னும் மூணு வருஷம் இருன்னு கேட்டிருக்காரு. அண்ணன் வேணாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல.” இதை மார்ச்சிலிருந்து மனதில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்தேன். நீங்கள் சொல்லட்டும் என்று நான், நான் கேட்கட்டும் என்று நீங்கள். போதும் அத்தான்.

எனக்குப் பச்சை விளக்கு வேண்டாம். பீரங்கி எல்லாக் கூட்டத்தையும் அள்ளிக்கொண்டு போகட்டும். படகு ஓடும், சாப்பாடு நடக்கும், அதற்கெல்லாம் குறைவில்லை. படகைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் நாள் நடந்ததைச் சொல்ல ஆள் இல்லை. அத்தையிடம் சொன்னால் பாதியில் தூங்கிவிடுகிறார், மகளிடம் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. சாவியை ஆணியில் மாட்டும்போதெல்லாம் உங்கள் சட்டை தொங்குகிற இடத்தைப் பார்க்காமல் மாட்டப் பழகிக்கொண்டேன். எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார வேண்டும். அந்தப் பெட்டியில் வந்து உட்காருங்கள், அது போதும்.

வந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி


ஜூன் 12

அன்புள்ளவளே,

சுகமா? இன்று அதைச் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

உன் பாட்டில் ஏப்ரல் கடைசியிலேயே வந்துவிட்டது. வண்டலெல்லாம் அடியில் தங்கி, மேலே தெளிந்த தண்ணீராக இருந்தது. பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நம் தண்ணீர் இப்படித்தானே இருக்கிறது, இவள் ஏன் இப்படி எழுதுகிறாள் என்று ஜன்னலில் வைத்துவிட்டேன். அப்புறம் ஒரு நாள் அறையைப் பெருக்க வந்தவன் அதைக் கையில் எடுத்துக் குலுக்கி, “என்ன சார் இது, அழுக்குத் தண்ணியப் போயி பத்திரமா வெச்சிருக்கீங்க?” என்றான். திரும்பிப் பார்த்தேன். அவன் கையில் நம் முகத்துவாரம் கலங்கிக்கொண்டிருந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். அவன் போன பிறகும் குலுக்கிக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பட்டறையில் அதைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி நீல விளக்கைக் காட்டினேன். மெக்கானிக் சொன்னது சரி, உடனே செத்துப்போயிற்று. பச்சையைக் காட்டினேன், அந்தப் பக்கம் வரை போயிற்று. ஆனால் ஒரு ஜாடியை வைத்து எத்தனை விளக்கு, எவ்வளவு ஆழம் என்று தெரிந்துகொள்ள முடியாது. சோதனைத் தொட்டியில் அந்த நிறத்தையே கொண்டுவந்து பார்க்கலாம் என்று மண்ணை அள்ளிப் போட்டேன். இந்த ஊர் மண் சிவந்துபோகிறது. சாம்பல் போட்டேன், வெளுத்துப்போகிறது. காப்பித்தூள்கூடப் போட்டேன். ஜாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மே மாதம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தொட்டியைக் கலக்கினேன். சூப்பர்வைசர் வந்து, “தொட்டில என்னய்யா சமைக்கிற?” என்று கத்தினார். “எங்க ஊரு தண்ணி சார், வரமாட்டேங்குது” என்றேன். அவர் ஜாடியையும் தொட்டியையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கிழித்துப் போட்டேன். மறந்தது உண்மை, அதை எப்படி எழுதுவது? அதோடு இன்னொன்றும் இருந்தது. இத்தனை வருடத்தில் நீ ஒருமுறைகூட வா என்று எழுதவில்லை. என்ஜின் ஓடுகிறது, கூட்டம் வருகிறது, மெக்கானிக் இருக்கிறார், எல்லாம் நடக்கிறது என்றுதான் எழுதுவாய். படிக்கப் பெருமையாக இருக்கும். படித்து முடித்ததும், நான் போய் அங்கே செய்ய என்ன இருக்கிறது, இன்னொரு பயணி ஏறின மாதிரி ஆகிவிடுமே என்று தோன்றும். மூன்று வருடம் என்று அவர் கேட்டபோது வாய் திறக்காமல் இருந்தது அதனால்தான். கேட்டால் கடிதம் சுருங்குகிறது என்று நீ எழுதினாய். எப்போது வருவேன் என்று நீ கேட்டபோதெல்லாம் எனக்கு எழுத்து வராமல்தான் அப்படி ஆயிற்று, வர மனமில்லாமல் அல்ல.

உன் கடிதம் வந்த அன்றே சூப்பர்வைசரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். “மண்ணைப் போட்டுக் கலக்குனப்பவே தெரியும்யா” என்றார்.

ஜூலை முதல் சனிக்கிழமை வருகிறேன். பஸ் அக்கரையில் இறக்கிவிடும்போது பொழுது சாய்ந்துவிடும். நீ படகைக் கொண்டுவா. நீ வேண்டாமென்றாலும் பச்சை நான்கு என் சூட்கேஸில் இருக்கும், நானே பொருத்துவேன். அந்த நீலத்தைக் கழற்றிப் போட்டுவிடு, பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கும்.

பெட்டி காலியாக இருக்கட்டும்.
உன் அத்தான்


ஜூன் 22

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் கிளம்பும் முன் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். எல்லோரும் சுகம், எல்லோருக்கும் தூக்கம் மட்டும் போய்விட்டது. அத்தைக்கு முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. மகள் புதுப் பல் முழுசாக முளைப்பதற்குள் நீங்கள் வந்துவிட வேண்டுமாம், பொக்கை வாயைக் காட்டுவதற்கு. பீரங்கி சனிக்கிழமை தன் சீரியல் பல்பைத் தருவதாகச் சொன்னார். “வேணாம்ணே, எங்கிட்டயே வெளக்கு இருக்கு” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

நீலத்தைக் கழற்றமாட்டேன். உங்களுக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பொருத்திய நாளிலிருந்து தினமும் பொழுது சாய்ந்ததும் அதைப் போட்டுவிடுகிறேன். ஏறுகிறவர்களுக்குத் தெரியாது. மெக்கானிக் மட்டும், “எதுக்கும்மா பாட்டரியக் காலி பண்றீங்க?” என்று கேட்பார். பச்சையை அதன் பக்கத்தில் பொருத்திக்கொள்ளுங்கள், இடம் இருக்கிறது.

சனிக்கிழமை அக்கரைத் துறையில் என்ஜினை நிறுத்திவிட்டு, நான்கையும் எரியவிட்டுக் காத்திருப்பேன். பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்த்தால் படகு இருட்டாகத்தான் தெரியும். எரிகிறதா இல்லையா என்று தூரத்தில் நின்று பார்க்காதீர்கள் அத்தான். கிட்டே வந்து தண்ணீரில் கையை விட்டுப் பாருங்கள்.

கேப்டன்